புத்தகோசர்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை தோறும் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பாலி நூல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்து வருகிறோம். புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும், புத்தகோசர் பெயரை எடுத்தவுடன் அதே சந்தேகங்கள்தான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

1. புத்தகோசர் யாருங்க? சுருக்கமா சொல்லுங்களேன்.

கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து இலங்கைக்குப் போன பௌத்த பிக்கு. அனுராதபுரத்து மகாவிகாரையில் தங்கி, அங்கே சிங்களத்தில் இருந்த பழைய உரைகளைப் பாலி மொழியில் திரட்டி எழுதியவர். 'விசுத்திமக்கம்' என்ற பெருநூலின் ஆசிரியர். 'தூய்மைக்கான வழி' என்பது அதன் பொருள்.

இலங்கை, பர்மா, தாய்லாந்து, கம்போடியா எங்கும் பரவியிருக்கும் தேரவாத பௌத்தம் புத்தரின் சொல்லுக்குப் பெரும்பாலும் இவர் வழியாகத்தான் பொருள் கொள்கிறது. நம் ஊரில் திருக்குறளுக்குப் பரிமேலழகர் எப்படியோ, புத்தரின் போதனைத் தொகுப்பான திரிபிடகத்துக்கு இவர் அப்படி. பிடிக்காதவர்கள்கூட இவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

2. பேருலயே 'புத்தக' இருக்கே, புத்தகத்துக்கும் இவருக்கும் சம்பந்தமா?

இல்லை. புத்த + கோசம். கோஷம் போடுகிறார்கள் என்கிறோமே, அதே சொல்தான்: குரல், முழக்கம். 'புத்தரின் குரலைப் போன்ற குரல் உடையவர்' என்று பொருள். பேச்சு புத்தருடையதைப் போல ஆழமாக இருந்ததால் இந்தப் பெயர் வந்தது என்கிறது மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம். புத்தகோஷர் என்றும் எழுதுகிறார்கள், இரண்டும் ஒன்றே.

3. எந்தக் காலம்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க?

மூன்று பிடிமானங்கள் இருக்கின்றன. முதலாவது, வினயத்துக்கு (பிக்குகளின் ஒழுக்க விதிகளுக்கு) எழுதிய உரையான 'சமந்தபாசாதிகா'வின் முடிவுரை. சிரிநிவாசன் என்ற அரசனின் 20-ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 21-ஆம் ஆண்டில் முடித்ததாக அது சொல்கிறது. அந்த அரசன் அனுராதபுரத்தை 22 ஆண்டுகள் ஆண்ட மகாநாமன் என்பது பொதுவான கருத்து. சூளவம்சமும் புத்தகோசரை மகாநாமன் காலத்தில்தான் வைக்கிறது. மகாநாமன் சீனப் பேரரசருக்கு 428-இல் தூது அனுப்பிய குறிப்பு சீன ஆவணங்களில் இருக்கிறது.

இரண்டாவது, சீன யாத்திரிகர் பாகியான். 410 வாக்கில் வந்து இரண்டு ஆண்டு இலங்கையில் தங்கியவர், அனுராதபுரத்தின் இன்னொரு பெரிய மடமான அபயகிரியில் 5,000 பிக்குகள், மகாவிகாரையில் 3,000 பிக்குகள் என்று எண்ணிக்கையெல்லாம் கொடுக்கிறார். புத்தகோசரைப் பற்றி மூச்சு விடவில்லை. அப்போது இவர் இன்னும் வந்து சேரவில்லை என்று கொள்வதே பொருத்தம். மூன்றாவது, வினய உரையின் ஒரு வடிவம் 489 வாக்கில் சீனத்தில் மொழிபெயர்க்கப்பட்டுவிட்டது. ஆகவே அதற்கு முன்பே நூல் கடல் கடந்திருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் நடுவில் 5-ஆம் நூற்றாண்டின் முற்பாதி வசதியாகப் பொருந்துகிறது.

4. கழுதை கத்துற மாதிரி ஒரு கதை சொல்வாங்களே, அது இவரைப் பத்தியா?

இவரைப் பற்றித்தான். சூளவம்சத்தில் வரும் கதை. போதி மரத்துக்குப் பக்கத்தில் பிறந்த பிராமண இளைஞன், வேதம் கற்றவன், ஊர் ஊராகப் போய் வாதம் செய்து திரிகிறான். ஒரு விகாரையில் தங்கி இரவெல்லாம் பதஞ்சலியின் கொள்கையை ஓதுகிறான். கேட்ட ரேவதர் என்ற மூத்த பிக்கு, 'யாரப்பா அது, கழுதை மாதிரி கத்துவது?' என்கிறார். 'கழுதைக் கத்தலுக்கு அர்த்தம் தெரியுமோ உமக்கு?' என்று இளைஞன் திருப்புகிறான். தெரியும் என்றவர் இளைஞன் கேட்ட ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லிவிட்டு, பௌத்தத் தத்துவப் பிரிவான அபிதம்மத்திலிருந்து ஒரு பகுதியைச் சொல்லி 'இதற்குப் பொருள் சொல்' என்கிறார். இளைஞனால் முடியவில்லை. 'இது யாருடைய மந்திரம்?' 'புத்த மந்திரம்.' 'எனக்கும் தாருங்கள்.' 'துறவு பூண்டால் தருகிறேன்.' அந்த மந்திரத்துக்கு ஆசைப்பட்டுத் துறவியானான் என்று கதை.

அருமையான கதை, எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் இது எழுதப்பட்டது புத்தகோசருக்கு ஏழெட்டு நூற்றாண்டு கழித்து. 15-ஆம் நூற்றாண்டில் மகாமங்கலர் என்பவர் எழுதிய 'புத்தகோசுப்பத்தி' இன்னும் பிந்தியது, அற்புதங்களும் அதிகம். அதனால் எங்கள் வாசிப்பில் ஒரு விதி வைத்திருக்கிறோம். பிறர் சொன்ன கதையைவிட, அவர் நூல்களின் முன்னுரையிலும் முடிவுரையிலும் இருக்கும் ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். கீழே பல பதில்கள் இந்த விதியை நம்பியே நிற்கின்றன.

5. அப்போ புத்தகயால பிறந்ததும் பொய்யா?

பொய் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆதாரம் பலவீனமானது. விசுத்திமக்கத்தின் முடிவுரை இவரை 'மோரண்டகேடகத்தவர்' என்கிறது. மோர என்றால் மயில், அண்ட என்றால் முட்டை, கேடகம் என்றால் சிற்றூர். மயில்முட்டைச் சிற்றூர்! இதைக் குண்டூர்ப் பக்கத்து ஊர்ப்பெயர்களோடு பொருத்திப் பார்த்தவர்கள் உண்டு. தெலுங்கில் மயிலுக்கு 'நெமலி' என்று பெயர். பாலி அறிஞர் தர்மானந்த கோசாம்பி இவர் தெலுங்கு நாட்டுக்காரர் என்றும், பிராமணரே இல்லை என்றும் வாதிட்டார். வட இந்தியாவைப் பற்றியும் வேதத்தைப் பற்றியும் எழுதும்போது, அங்கே பிறந்து வேதம் படித்தவர் எழுதுகிற மாதிரி இல்லை என்பது அவர் கணக்கு.

பர்மியர்களைக் கேட்டால் இவர் எங்கள் தட்டோன் ஊர்க்காரர் என்பார்கள். பெரியவர்களுக்கு எல்லா ஊரும் சொந்தம் கொண்டாடும், விடுங்கள். எனக்குத் தெற்கு என்ற பக்கம்தான் தராசு சாய்கிறது. அடுத்த பதிலைப் பார்த்தால் ஏன் என்று தெரியும்.

6. காஞ்சிபுரத்துல இருந்தார்னு வாட்ஸ்அப்புல வந்துச்சு. நிஜமா?

வாட்ஸ்அப்பில் வந்ததில் அபூர்வமாக ஒன்று நிஜம். புத்தரின் பேருரைத் தொகுதிகளில் (நிகாயங்களில்) ஒன்றான அங்குத்தர நிகாயத்துக்கு எழுதிய உரையின் முடிவில் அவரே சொல்கிறார்: முன்பு காஞ்சிபுரம் முதலிய இடங்களில் என்னோடு வாழ்ந்த ஜோதிபாலர் கேட்டுக்கொண்டதால் இதை எழுதினேன் என்று. மஜ்ஜிம நிகாய உரையின் முடிவில், மயூரசுத்தபட்டணத்தில் தம்மோடு தங்கியிருந்த புத்தமித்தர் என்பவரின் வேண்டுகோளைக் குறிப்பிடுகிறார். சில ஏடுகளில் மயூரரூபபட்டணம் என்று இருக்கிறது. இதை மயிலாப்பூர் என்பவர்களும் உண்டு, மயிலாடுதுறை என்பவர்களும் உண்டு. பட்டணம் என்ற சொல் துறைமுகத்தைக் குறிப்பதால் நான் மயிலாப்பூர்க் கட்சி. இதற்காகச் சண்டைக்கு வர மாட்டேன்.

கவனித்தீர்களா, சூளவம்சக் கதையில் காஞ்சியும் இல்லை, ஜோதிபாலரும் இல்லை. கயையிலிருந்து நேரே இலங்கைக்கு அனுப்பிவிடுகிறது. அவர் கையெழுத்திலோ தென்னிந்தியத் துறவு வாழ்க்கையும், அங்கே கூட இருந்த நண்பர்களின் பெயர்களும் இருக்கின்றன.

7. அப்படின்னா அவர் தமிழர்தானே? தயங்காம சொல்லுங்க!

தயங்கத்தான் வேண்டும். காஞ்சியில் தங்கியவர் எல்லாரும் தமிழர் ஆகிவிட மாட்டார்கள். சோழ நாட்டுக்காரர் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கிறார்: இவர் காலத்தை ஒட்டி வாழ்ந்த புத்ததத்தர். ஊர் உரகபுரம், அதாவது உறையூர். காவிரிப்பட்டினத்திலும் பூதமங்கலத்திலும் இருந்த விகாரைகளில் தங்கி எழுதினார். களப்பிர குலத்து அச்சுதவிக்கந்தன் ஆட்சியில் எழுதினேன் என்று அவர் போட்டுவைத்த குறிப்பு, களப்பிரர் வரலாறு தேடுகிறவர்களுக்கு இன்றும் ஒரு முக்கியச் சான்று. தமிழ்நாட்டில் கொண்டாட வேண்டுமென்றால் அவரைக் கொண்டாடலாமே. ஏனோ யாரும் கேட்பதில்லை.

8. சரி, தமிழாவது தெரியுமா?

தமிழில் அவர் எழுதிய எதுவும் இல்லை. ஆனால் தமிழும் தெலுங்கும் பக்கத்துப் பக்கத்தில் புழங்கும் ஒரு வீட்டை அவர் பெயரில் வழங்கும், அபிதம்ம நூலான விபங்கத்தின் உரையில் பார்க்கலாம். தாய் தமிழச்சி, தந்தை ஆந்திரர். பிறந்த குழந்தை தாயின் பேச்சை முதலில் கேட்டால் தமிழ் பேசும். தந்தையின் பேச்சை முதலில் கேட்டால் ஆந்திர மொழி பேசும். இரண்டையும் கேட்காமல் வளர்ந்தால்? மாகதி பேசுமாம்! மாகதி என்றால் பாலி. அதுவே உயிர்களின் இயல்பான மொழி என்பது அவர்கள் நம்பிக்கை. மூலமொழி எங்களுடையதுதான் என்ற பெருமை எல்லாருக்கும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது.

9. போதிதர்மரும் இவரும் ஒருத்தர்தானே? காஞ்சிபுரம்ங்கறீங்க, பிக்குங்கறீங்க...

இல்லவே இல்லை. போதிதர்மர் சீனாவுக்குப் போனவர்; சென் (ஜென்) மரபின் முதல் ஆசான் என்று போற்றப்படுபவர்; காலத்தாலும் பிந்தியவர். அவர் மரபு எழுத்தை நம்பாதே என்கிறது. புத்தகோசரோ வாழ்நாளெல்லாம் எழுத்தோடு கிடந்தவர். 'புத்தசரிதம்' எழுதிய அசுவகோசரோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர் சமஸ்கிருதக் கவி, சில நூற்றாண்டு முந்தியவர்.

10. இந்தியாவுல இல்லாத உரை இலங்கையில மட்டும் எப்படி? எதுக்கு அங்க போகணும்?

மகாவிகாரை மரபின்படி, அசோகரின் மகன் மகிந்தர் இலங்கைக்கு வரும்போது மூலத்தோடு உரையையும் கொண்டுவந்தார். தீவில் இருப்பவர்களுக்காக அந்த உரை சிங்களத்தில் ஆக்கப்பட்டது. மகா அட்டகதை, மகாபச்சரி, குருந்தி என்று அவற்றுக்குப் பெயர்கள் உண்டு. வினய உரையின் முன்னுரையில் புத்தகோசர் காரணத்தைப் பளிச்சென்று சொல்கிறார்: இவை சிங்களத்தில் இருப்பதால் வேறு நாட்டுப் பிக்குகளுக்குப் பயன்படவில்லை, ஆகவே சிங்களத்தை நீக்கிப் பாலியில் தருகிறேன். காஞ்சியில் இருக்கும் ஜோதிபாலரால் சிங்கள உரையை வாசிக்க முடியாது அல்லவா, அதுதான் விஷயம்.

இதற்குப் பின்னால் மடங்களின் அரசியலும் இருக்கிறது. 3-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மகாசேனன் என்ற அரசன், சோழநாட்டிலிருந்து வந்த சங்கமித்தர் என்ற பிக்குவின் பேச்சைக் கேட்டு மகாவிகாரையை இடிக்க வைத்தான். ஒன்பது ஆண்டு அது ஆளில்லாமல் கிடந்ததாக மகாவம்சம் சொல்கிறது. பிறகு மீண்டும் எழுந்தாலும், பாகியான் கணக்கைப் பார்த்தீர்களே, அபயகிரிதான் பெரிய இடம். தன் மரபைக் கடல் கடந்து கேட்கும்படி சொல்ல ஒரு ஆள் மகாவிகாரைக்குத் தேவைப்பட்டது. இவரும் ஒவ்வொரு முன்னுரையிலும் 'மகாவிகாரையில் வாழ்பவர்களின் கொள்கைக்கு முரணாகாமல்' என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்.

11. தேவர்கள் நூலை ஒளிச்சு வெச்சு, மூணு தடவ எழுதினாராமே?

சூளவம்சக் கதை. ஏடுகளைக் கேட்டதும் மகாவிகாரைப் பிக்குகள் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. ஒரு பாட்டைக் கொடுத்து, முதலில் உன் திறமையைக் காட்டு என்றார்கள். சம்யுத்த நிகாயத்தில் வரும் பாட்டு அது. ஒரு தேவன் புத்தரிடம் கேட்கிறான்: 'உள்ளேயும் சிக்கு, வெளியேயும் சிக்கு; உலகமே சிக்கில் சிக்கிக் கிடக்கிறது; யார் இந்தச் சிக்கை அவிழ்ப்பார்?' புத்தர் சொல்கிறார்: 'ஒழுக்கத்தில் ஊன்றி நின்று, மனத்தையும் ஞானத்தையும் வளர்க்கும் அறிவுள்ள, ஊக்கமுள்ள பிக்கு இந்தச் சிக்கை அவிழ்ப்பான்.' இதற்கு விரிவுரையாக எழுதியதே விசுத்திமக்கம். தேவர்கள் அதை மறைத்துவைக்க, இரண்டாம் முறை எழுத, அதையும் மறைக்க, மூன்றாம் முறை எழுதியதும் மற்ற இரண்டையும் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றிலும் ஓர் எழுத்துகூட மாறவில்லையாம். 'இவர் இனி வரப்போகும் புத்தரான மைத்ரேயரேதான்' என்று சங்கம் வியந்தது.

தேவர்களை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. அந்தப் பாட்டில் தொடங்கி அதை விரித்துக்கொண்டே போகிறது நூல் என்பது மட்டும் திறந்து பார்த்தாலே தெரியும்.

12. அப்படி என்னதான் இருக்கு அதுல? சாமானியன் படிக்கலாமா?

மொத்தம் 23 அதிகாரங்கள். முதல் இரண்டு ஒழுக்கம், 3 முதல் 13 வரை தியானம், 14 முதல் 23 வரை ஞானம். பாட்டில் இருந்த மூன்றும் அப்படியே மூன்று பகுதிகள். தியானத்துக்கான பொருள்கள் 40, மனித சுபாவங்கள் ஆறு, யாருக்கு எது பொருந்தும் என்று மருத்துவர் பட்டியல் போடுவது போலப் போடுகிறார். தியானத்துக்குத் தடைகள் பத்து என்று சொல்லும்போது அதில் ஒன்று 'நூல்கள்'. இத்தனை எழுதிய மனிதர் இதையும் எழுதினார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள், மூன்றாம் நாளே மூடிவைத்துவிடுவீர்கள். அன்பு, கருணை பற்றிய 9-ஆம் அதிகாரத்தில் தொடங்குங்கள். 'கோபப்படுகிறவன், பிறரை அடிக்க எரியும் கொள்ளியைக் கையில் எடுப்பவன் போல. முதலில் சுடுவது அவனைத்தான்' என்று புத்தர் படத்தோடு ஒரு வாசகம் சுற்றுகிறதே, அதன் வேர் இங்கே இருக்கிறது. சொன்னது புத்தகோசர். கொள்ளியோடு மலத்தையும் உவமையாகச் சொல்லியிருக்கிறார், அதைப் படத்தில் போட மாட்டார்கள்.

அதே அதிகாரத்தில் பாடலிபுத்திரத்து விசாகன் கதையும் உண்டு. இலங்கையில் நினைத்த இடத்தில் உட்காரலாம், படுக்கலாம் என்று கேள்விப்பட்டு, சொத்தையெல்லாம் மனைவி மக்களிடம் விட்டுவிட்டு, ஒரே ஒரு காசைத் துணி முடிச்சில் முடிந்துகொண்டு கிளம்புகிறான். கப்பலுக்காகக் கடற்கரையில் ஒரு மாதம் காத்திருந்தபோது, இங்கே வாங்கி அங்கே விற்று அந்த ஒரு காசை ஆயிரம் ஆக்கிவிடுகிறான். துறவு பூணும் இடத்தில், விசாகன் துறவுக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது என்று அந்த ஆயிரத்தையும் இறைத்துவிட்டுப் போகிறான். எல்லாவற்றையும் விட்டு வந்த பிறகும் வியாபாரி கை தன் தொழிலை மறக்கவில்லை பாருங்கள். இதை எழுதியவர் உலகம் தெரியாத சாமியார் இல்லை.

13. வேலை முடிஞ்சதும் பழைய சிங்கள உரையையெல்லாம் எரிச்சுட்டார்னு படிச்சேனே?

4-ஆம் பதிலில் சொன்ன புத்தகோசுப்பத்தியில் வருவது. ஏழு நடுத்தர யானை உயரத்துக்கு ஏடுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள் என்கிறது. அதற்கு ஓர் ஆயிரம் ஆண்டு முந்தைய நிகழ்ச்சியைப் பற்றி, கடலுக்கு அந்தப்பக்கம் இருந்து எழுதியது. பிற்காலச் சிங்கள நூல்கள் அந்தப் பழைய உரைகளிலிருந்து மேற்கோள் காட்டுகின்றன. எரிந்த ஏட்டிலிருந்து எப்படிக் காட்டுவது? பாலி உரைகள் வந்த பிறகு பழையவற்றைப் படி எடுக்க ஆளில்லாமல் போயிருக்கும். ஓலைச்சுவடிக்கு அது போதும், தீ வேண்டியதில்லை. நம் சுவடிகள் எத்தனை அப்படிப் போயின!

14. அவர் பேர்ல இருக்கற உரையெல்லாம் ஒரே ஆள் எழுதியிருக்க முடியுமா?

எல்லாம் அவருடையவை அல்ல. விசுத்திமக்கமும், தீக, மஜ்ஜிம, சம்யுத்த, அங்குத்தர நிகாயங்கள் நான்கின் உரைகளும் அவருடையவை என்பதில் பெரிதாகச் சந்தேகம் இல்லை. நான்கும் விசுத்திமக்கத்தைச் சுட்டி, 'அங்கே சொல்லிவிட்டேன், இங்கே திரும்பச் சொல்லவில்லை' என்கின்றன. (நானும் இந்தப் பக்கத்தில் அதைத்தான் செய்கிறேன்.) வினய, அபிதம்ம உரைகளை மரபு அவருக்கே தருகிறது, ஆய்வாளர்கள் சிலர் தயங்குகிறார்கள். தம்மபத உரையும் ஜாதக உரையும் நடையில் விலகி நிற்பதால் அவை வேறு கை என்பவர்களே அதிகம்.

15. இன்னொருத்தர் நூலைப் பார்த்து எழுதிட்டார்னு ஒரு பேச்சு இருக்கே?

உபதிஸ்ஸரின் 'விமுத்திமக்க'த்தைச் சொல்கிறீர்கள். பாலி மூலம் கிடைக்கவில்லை; 515-இல் செய்த சீன மொழிபெயர்ப்பு இருக்கிறது. 12 அதிகாரம், அதே ஒழுக்கம், தியானம், ஞானம் என்ற ஓட்டம். விசுத்திமக்கத்தில் ஓரிடத்தில், மனிதரின் சுபாவம் எதிலிருந்து வருகிறது என்று 'சிலர்' சொல்வதை எடுத்துவைத்து மறுக்கிறார். அந்தச் 'சிலர்' உபதிஸ்ஸர்தான் என்று பின்னால் உரைக்கு உரை எழுதிய தம்மபாலர் பெயரைப் போட்டு உடைத்துவிட்டார்.

ஆக, அந்த நூலைப் பார்த்திருக்கிறார், வேண்டாத இடத்தில் மறுத்தும் இருக்கிறார். திருட்டு என்று நான் சொல்ல மாட்டேன். புதிதாகச் சொல்வது அந்தக் காலத்தில் பெருமையே இல்லை. தான் திரட்டுபவன் என்று அவரே சொல்லிக்கொள்கிறார்.

16. புத்தர் சொல்லாததையெல்லாம் இவர்தான் உள்ள நுழைச்சார்னு சொல்றாங்க. உங்க கருத்து?

இது கொஞ்சம் வம்பான கேள்வி. தாய்லாந்தின் புத்ததாச பிக்கு இதில் கடுமையானவர். ஒன்றைச் சார்ந்து இன்னொன்று தோன்றும் சங்கிலி, அதாவது சார்பில் தோற்றம் என்று மணிமேகலை சொல்லும் பன்னிரண்டு கண்ணிகளை, சென்ற பிறவி, இந்தப் பிறவி, அடுத்த பிறவி என்று மூன்றாகப் பிரித்து விளக்குகிறார் புத்தகோசர். பிறவி பிறவியாக ஏதோ ஒன்று தொடர்ந்து போகிறது என்ற எண்ணத்தை இது பின்வாசல் வழியாகக் கொண்டுவந்துவிடுகிறது என்பது புத்ததாசரின் குற்றச்சாட்டு.

என் பதில் இரண்டு துண்டு. மூன்று பிறவி விளக்கம் இவர் கண்டுபிடித்தது இல்லை. வடக்கே சர்வாஸ்திவாதம் என்ற வேறொரு பௌத்தப் பிரிவின் நூல்களிலும் இருக்கிறது. அப்புறம், 'துன்பம் உண்டு, துன்பப்படுபவன் இல்லை. செயல் உண்டு, செய்பவன் இல்லை' என்று 16-ஆம் அதிகாரத்தில் எழுதியவரும் இவர்தான். அதே நேரம், பதினைந்து நூற்றாண்டாக மூலத்தை இவர் கண்ணாடி வழியாகவே பார்த்துப் பழகிவிட்டோம் என்ற புகாரில் நியாயம் இருக்கிறது. நாங்கள் முதலில் சூத்திரத்தை மட்டும் வாசித்து, எங்களுக்குள் பேசி முடித்த பிறகே உரையைத் திறக்கிறோம்.

சார்பில் தோற்றத்துக்கு விளக்கம் தொடங்கும் இடத்தில் அவரே சொல்வதையும் கேளுங்கள்: 'இன்று இதற்கு உரை சொல்ல விரும்புகிறேன், கடலில் மூழ்கியவனைப் போல நிற்க இடம் காணாமல் தவிக்கிறேன்.' அவரது எல்லா நூல்களிலும் சேர்த்து, திரட்டுபவர் விலகி மனிதர் எட்டிப்பார்க்கும் இடம் எனக்கு இதுதான்.

17. அவர் அரகந்தரா? கடைசியில என்ன ஆனார்?

அரகந்தர் என்றால் முழு விடுதலை அடைந்தவர். அவர் எங்கும் தம்மை அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. விசுத்திமக்கத்தின் சிங்கள ஏடுகளில் கடைசியாக ஒரு வேண்டுதல் இருக்கிறது: இந்தப் புண்ணியத்தால் அடுத்த பிறவியில் தாவதிம்ச தேவலோகத்தில் பிறந்து, கடைசிப் பிறவியில் மைத்ரேய புத்தரைக் கண்டு, அவர் சொல் கேட்டு விடுதலை அடைய வேண்டும் என்று. இது அவர் எழுதியது என்றால், 'நான் இன்னும் வந்து சேரவில்லை' என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி. படி எடுத்தவர் தமக்காகச் சேர்த்துக்கொண்டது என்பாரும் உண்டு. அத்தனை ஓலையையும் கீறி முடித்தவருக்கு ஒரு வேண்டுதல் இருந்தால் தப்பா என்ன?

மற்றபடி, சூளவம்சம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது: செய்ய வேண்டியதைச் செய்து முடித்து, போதி மரத்தை வணங்க இந்தியாவுக்குத் திரும்பிப் போனார். போகும் வழியில் காஞ்சியில் இறங்கி, கேட்ட உரையை ஜோதிபாலர் கையில் கொடுத்தாரா என்று போன வாரம் எங்கள் வட்டத்தில் ஒருவர் கேட்டார். அதை எந்த ஏடும் சொல்லவில்லை.